நினைவு தடுமாறும் கணினி
சிறு சேவையகங்களில் நினைவகம் மீண்டும் மீண்டும் பழுதாவது ஏன்?

“எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஓலைச் சுவடிகளிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. ரகரமும் காலும் ஒரே வடிவாய் நின்றன. அக்காலத்தில் ஏடு பெயர்த்தெழுதுவோர் கைதவறி ஓரெழுத்தை மாற்றிவிட்டால், அப்பிழை அடுத்த பிரதிக்கும் அதற்கடுத்த பிரதிக்கும் வழிவழியாய்ச் சென்று, நாளடைவில் அதுவே உண்மைப் பாடம் என்று கொள்ளப்படும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் (1832 – 1901), உ. வே. சாமிநாதையர் அவர்களும் (1855 – 1942) ஊரூராய் அலைந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பிழை களைந்தமை நாம் அறிந்ததே. ஒரே பிரதியை நம்பியிருத்தல் ஆகாது என்பது அப்பெரியோர் நமக்குக் காட்டிய நெறி.

இன்று ஏடெழுதுவோர் இல்லை. அவர்தம் பணியைக் கணினி செய்கின்றது. இயந்திரம் கைதவறாது, கண்சோராது, உறங்காது என்று நாம் எண்ணுகின்றோம். ஆனால் இயந்திரத்துக்கும் எழுத்துப் பிசகும். அதுவும் சத்தமின்றிப் பிசகும். அப்பிசகு எங்கே பிறக்கின்றது, அதனைக் கண்டறிவது எங்ஙனம், அது திரும்பத் திரும்ப நேர்ந்தால் யாது செய்தல் வேண்டும் என்பவற்றை மாணவர்க்கும் இல்லத்தார்க்கும் விளங்கும் வண்ணம் இங்கு ஆராய்வோம்.

மலைநாட்டிற் சிறு பெட்டி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக ஏறிவரும் பெருந்தெரு பெரகலச் சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு வழி அப்புத்தளை, பண்டாரவளை என மேலேறி ஹாலிஎலையை அடைகின்றது. மற்றையது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகின்றது. தேயிலைத் தோட்டங்களும் மூடுபனியும் சூழ்ந்த இப்பகுதியிற்கூட இன்று பாடசாலைகளிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், மருந்தகங்களிலும், தோட்டக் கந்தோர்களிலும் ஒரு மூலையில் இரவு பகலாய் முனகிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியொன்றைக் காணலாம். அதுவே ‘சேர்வர்’ எனப்படும் சேவையகம். மற்றைக் கணினிகள் கேட்குந்தோறும் ஏடுகளை எடுத்துக் கொடுப்பதும், அவை தருவனவற்றை வாங்கிச் சேமிப்பதும் அதன் தொழில். வீட்டுக் கணினி மாலையில் அணைக்கப்பட்டுக் காலையில் புத்துயிர் பெறும். சேவையகத்துக்கோ ஓய்வில்லை. மாதக்கணக்காய் அணையாது ஓடுவதால், அதன் நினைவகத்திலுள்ள சிறு நோயும் காலப்போக்கில் தன்னை வெளிக்காட்டியே தீரும்.

தோட்டத்து மக்களுக்குப் பதிவேட்டின் அருமையைப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ‘செக்ரோலில்’ கணக்கப்பிள்ளை பேர் போட்டால் அன்றைய உழைப்புக்குக் கூலியுண்டு. அரைப்பேர் போட்டால் பாதிக் கூலியே கிடைக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின், ஒரு பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாமையால், அல்லது அதில் ஒரு பெயர் பிசகியிருந்தமையால், தம் உரிமையை நிறுவ வழியற்று நின்ற குடும்பங்கள் எத்தனையோ. நாடற்றோர் நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறும்வரை அத்துன்பம் தலைமுறைகளைத் தொடர்ந்தது. ஆகவே, நம் ஏடுகளைத் தாங்கும் கணினியின் நினைவு சரியாயிருக்கின்றதா என்று வினவுவது பொறியியலாளர்க்கு மட்டும் உரிய வினாவன்று.

நினைவகம் என்பது யாது?

கணினியிலே இருவகைச் சேமிப்பு உண்டு. ஒன்று வன்தட்டு, அது பேழை போன்றது. மற்றையது நினைவகம், அது நாம் எழுதும் மேசை போன்றது. பேழையிலிருந்து எடுக்கப்படும் எந்த ஏடும் மேசைக்கு வந்தே திருத்தப்படுகின்றது. மேசையிலிருந்தே மீளவும் பேழைக்குச் செல்கின்றது. கடைகளில் ‘றாம்’ என்று கேட்டு வாங்கப்படும் விரல்நீளப் பச்சைப் பலகைகளே அம்மேசையாம். தாய்ப்பலகையிலுள்ள நீண்ட ‘ஸ்லொட்’ எனப்படும் செருகுவாய்களில் அவை செருகப்படுகின்றன.

அப்பலகையின் கருநிறச் சில்லுகளுக்குள்ளே நுண்ணிய கொள்ளளவிகள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் ஒன்று, இல்லையேல் பூச்சியம். இவ்வாறு ஒன்றையோ பூச்சியத்தையோ தாங்கும் இடம் ஒரு பிட் எனப்படும். ஒரு கொள்ளளவி, அதனைத் திறந்து மூட ஒரு திரான்சிற்றர்: இவ்வளவே ஒரு பிட்டுக்குப் போதும் என்ற எண்ணம் 1966ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து அறிஞர் றொபேட் டெனாட் என்பாருக்குத் தோன்றியது. 1968இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்ரெல் நிறுவனம் 1,024 பிட்டுக்களைக் கொண்ட சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்று 8 கிகாபைட்டுப் பலகை ஒன்றில் ஏறத்தாழ 6,872 கோடி பிட்டுக்கள் உள்ளன.

இக்கொள்ளளவிகள் ஓட்டைக் குடங்கள் போன்றவை. அவற்றின் ஏற்றம் இடையறாது கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால், கசிந்து வற்றுமுன் ஒவ்வொன்றையும் படித்து மீண்டும் நிரப்புதல் வேண்டும். பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை இப்பணி நடந்து முடிகின்றது. நாம் ஒருமுறை கண்ணிமைப்பதற்குள் கணினி தன் நினைவு முழுவதையும் புதுப்பித்துவிடுகின்றது! இத்துணை நுட்பமான ஏற்பாட்டில் எப்போதேனும் ஒரு குடம் தவறுவது வியப்பன்று; பெரும்பாலும் தவறாதிருப்பதே வியப்பு.

ஒரு பிட் பிசகினால்

ஒரு பிட் மாறுவதால் என்ன வந்துவிடும் எனச் சிலர் கேட்கக்கூடும். தமிழெழுத்துக்களைக் கொண்டே இதனை விளக்கலாம். யூனிகோட் முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ரகரமும் றகரமும் அதில் அடுத்தடுத்த எண்களைப் பெற்றுள்ளன. லகரமும் ளகரமும் அவ்வாறே. தந்நகரமும் றன்னகரமும் அவ்வாறே. இவ்விணைகள் ஒவ்வொன்றிலும் உள்ள வேறுபாடு ஒரேயொரு பிட்டுத்தான். அந்த ஒரு பிட் புரண்டால் ‘மரம்’ ‘மறம்’ ஆகும். ‘வேலை’ ‘வேளை’ ஆகும். ‘கரி’ ‘கறி’ ஆகும். நம் மாணவர்கள் பரீட்சையில் விடும் பிழைகளையே இயந்திரமும் விடுகின்றது என்றால் நகைப்புத் தோன்றலாம். ஆனால் மாணவர் பிழையை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்துவார்; இயந்திரத்தின் பிழைக்குச் சிவப்பு மை இல்லை.

எழுத்தைவிட எண்ணிற் பிழை கொடிது. ‘1’ என்னும் இலக்கத்தைக் கணினி 00110001 என்றும், ‘9’ என்பதை 00111001 என்றும் குறித்து வைக்கின்றது. இரண்டுக்கும் இடையே ஒரு பிட்டே வேற்றுமை. கொழுந்து பறிக்கும் தாயொருத்தி 1971ஆம் ஆண்டு பிறந்தவள் எனக் கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிற் பெறலாம். ஆகவே அவளுக்கு 2021இல் உரிமை பிறக்கும். அந்த ஒரு பிட் மாறி 1971 என்பது 1979 ஆகுமாயின், ஏட்டின்படி அவள் 2029வரை காத்திருத்தல் வேண்டும். எட்டாண்டுக் காலத்தை ஒரு கொள்ளளவியின் கசிவு விழுங்கிவிடுகின்றது.

உலகு கண்ட சான்றுகள்

இவை வெறும் கற்பனையல்ல. 2003ஆம் ஆண்டு மே மாதம் 18ஆந் திகதி பெல்ஜியத்திற் பொதுத்தேர்தல் நடந்தது. பிரசெல்ஸ் நகரையடுத்த ஸ்கார்பேக் என்னுமிடத்தில் மின்னியந்திர வாக்கெண்ணிக்கையில் ஒரு வேட்பாளருக்கு, இருக்கக்கூடியதைவிட மிகுதியான விருப்பு வாக்குகள் விழுந்திருக்கக் கண்டு அதிகாரிகள் திகைத்தனர். மீள எண்ணியபோது மிகையாய் நின்றவை சரியாக 4,096 வாக்குகள். கணிதம் பயிலும் மாணவர்கள் இவ்வெண்ணை உடனே இனங்காண்பர்: இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு அது. நிரலில் வழு எதுவும் அகப்படாமையால், நினைவகத்தில் ஒரு பிட் பூச்சியத்திலிருந்து ஒன்றாய்ப் புரண்டிருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு நிபுணர் வந்தனர். வாக்குகளின் தொகை நடக்கக்கூடாத அளவாய் இருந்தமையாலேயே அது வெளிப்பட்டது. தொகை நம்பத்தக்கதாய் இருந்திருப்பின் யார் ஐயுற்றிருப்பர்?

பிட்டுக்கள் தாமாகப் புரள்வதற்கு ஒரு காரணத்தை 1978ஆம் ஆண்டில் இன்ரெல் நிறுவனத்து ஆய்வாளர் ரிமதி மே, மறி வூட்ஸ் இருவரும் கண்டறிந்தனர். சில்லுகளை மூடியிருந்த பொதியிலே மிகச் சிற்றளவில் யுரேனியமும் தோரியமும் கலந்திருந்தன; அவற்றினின்று எழுந்த அல்பாத் துணிக்கைகள் கொள்ளளவிகளின் ஏற்றத்தைக் கலைத்தன. அதனையடுத்து, விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்களாலும் இவ்வாறு நேரும் என்று ஐ.பி.எம். ஆய்வாளர் 1979இல் எடுத்துக்காட்டினர். உயரம் கூடக்கூட அண்டக் கதிர்களின் தாக்கம் கூடும். ஆகவே மலைநாட்டுக் கணினி கடற்கரைக் கணினியைவிடச் சற்று மிகுதியாய் அதற்கு ஆளாகும். ஆயினும் பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள நம் நாட்டைப் பூமியின் காந்தப்புலம் நன்கு காக்கின்றது என்பதும் மறக்கற்பாலதன்று.

இனி நம் பொருளுக்கு மிக வேண்டிய சான்றொன்று. கூகிள் நிறுவனத்தின் சேவையகங்களை இரண்டரை ஆண்டுகள் கூர்ந்து நோக்கிப் பியங்கா ஷ்றோடரும் வேறிருவரும் 2009ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓராண்டில் மூன்றிலொரு பங்கு இயந்திரங்கள் ஒருமுறையேனும் நினைவகப் பிழை கண்டன. பலகைகளை எண்ணினால் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை பிழை விட்டன. ஒரு மாதத்தில் ஒருமுறை பிழைத்த பலகை அதே மாதத்தில் மீண்டும் பிழைக்கும் வாய்ப்பு, பிழைக்காத பலகையினதைவிட 13 முதல் 228 மடங்காக இருந்தது. விண்ணிலிருந்து வந்த கதிர்களே காரணமாயின் பிழைகள் எங்கும் பரவலாய்ச் சிதறியிருத்தல் வேண்டும். அதே இடத்தில் அடிக்கடி தோன்றா. ஆகவே, மீண்டும் மீண்டும் வரும் பிழை விதியின் விளையாட்டன்று, பொருளில் உள்ள குறையே என்பது அவ்வாய்வின் பிழிவு.

ஒரு கந்தோரில் நிகழ்ந்தது

நமது மலைப்பகுதியிலே, பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு சிறு சங்கம் உண்டு. அங்கத்தவர் வீட்டில் மரணம் நேர்ந்தால் அக்குடும்பத்துக்கு உதவுதொகை வழங்குவது அதன் பணி. அங்கத்தவர் இடாப்பு முழுவதும் சேவையகம் ஒன்றில் இருந்தது. அதில் இரண்டு நினைவகப் பலகைகள். ஓராண்டு தைமாதப் பனியில் அது திடீரென நின்றது. வந்த பழுதுபார்ப்பவர் இரண்டாம் பலகை கெட்டுவிட்டது என்று புதியதொன்று மாட்டினார், இயந்திரம் ஓடிற்று. சித்திரை மாதத்தில் மீண்டும் நின்றது. மீண்டும் ஒரு புதிய பலகை. கார்த்திகையில் மூன்றாம் முறை. கழற்றிய பலகைகள் மூன்றும் மேசை இழுப்பறையில் உறங்கின.

மூன்றாம் முறை நின்றபோது, முன்னிரவுகளில் இயந்திரம் தானாகவே எடுத்து வைத்திருந்த பிரதியிலிருந்து இடாப்பை மீட்டு அச்சிட்டனர். சில நாட்களில் ஒரு குடும்பத்தார் தந்தையின் மரணச் சான்றிதழோடு வந்தனர். சான்றிதழில் அவர் பெயர் ‘வேலு’. சங்கத்தின் இடாப்பிலோ ‘வேளு’. பெயர் ஒவ்வாமையால் உதவுதொகை நிறுத்தி வைக்கப்பட்டது. பழி முழுவதும் இளம் எழுதுவினைஞர் ஒருவர் மீது விழுந்தது. லயத்து வீடொன்றிற் பிறந்து, உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து, முதன்முதலாய்ச் சம்பளம் காணும் பெண் அவர். “லகர ளகரம் தெரியாதவருக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டவரும் உளர். தாம் சரியாகவே பதிந்ததாக அவர் சொன்ன சொல் எடுபடவில்லை.

அவ்வேளையிலேயே இயந்திரத்தைப் பார்த்துத் தருமாறு நம்மை அழைத்தனர். இழுப்பறையிலிருந்த மூன்று பலகைகளையும் வேறொரு கணினியில் ஒவ்வொன்றாய் மாட்டி, ஒவ்வோர் இரவு முழுவதும் சோதித்தோம். மூன்றிலும் ஒரு பிழைதானும் இல்லை! பின்னர்ச் சேவையகத்தில் முதற் செருகுவாயின் பலகையை இரண்டாவதற்கும், இரண்டாவதன் பலகையை முதலாவதற்கும் மாற்றினோம். அதுவரை நன்றாயிருந்த பலகை இரண்டாம் செருகுவாய்க்குச் சென்றதும் பிழைவிடத் தொடங்கியது. பிழைவிட்ட பலகை முதற் செருகுவாயில் ஒழுங்காய் நின்றது. நோய் பலகையோடு செல்லவில்லை, செருகுவாயோடு தங்கிற்று. உருப்பெருக்கியால் நோக்கியபோது அச்செருகுவாயின் தொடுமுனைகளுட் சில பச்சையாய்ப் பாசம் பிடித்திருந்தன. பெட்டி நின்ற இடம் சன்னலின் கீழ். இரவுப் பனி நேரே உள்ளே புகும்.

அவ்வாறாயின், புதுப்பலகை மாட்டிய போதெல்லாம் சில மாதம் நன்றாய் ஓடியது ஏன்? பலகையைக் கழற்றிச் செருகும் உராய்வில் முனைகளின் அழுக்குச் சற்றே விலகித் தொடர்பு திரும்பியது. மருந்து பலித்தது போலத் தோன்றியதேயன்றி நோய் தீரவில்லை.

சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது: பிழைகள் யாவும் ஒரே பிட்டில், கடைசிப் பிட்டில், நிகழ்ந்தன. லகரத்தை ளகரமாக்குவதும் அக்கடைசிப் பிட்டே. அதன்மேல் பழைய பிரதிகளைத் தேடினோம். ஆறு மாதம் முந்திய பிரதியொன்றில் ‘வேலு’ என்றே இருந்தது. அப்பதிவு கடைசியாய்த் திருத்தப்பட்ட திகதி அப்பிரதிக்கும் முந்தியது. அதாவது, ‘வேலு’ சரியாய் இருந்த நாளுக்குப் பின் எந்த மனிதக் கையும் அப்பதிவைத் தொடவில்லை. நள்ளிரவில் இயந்திரம் பிரதி எடுத்தபோதே எழுத்து மாறிற்று. சங்கத்தின் வயது முதிர்ந்த தனாதிகாரி அப்பெண்ணை அழைத்து, “பிள்ளை, பிழை உன்னுடையதில்லை” என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினார். குடும்பத்தாருக்கும் தொகை கிடைத்தது. மூன்று நல்ல பலகைகளுக்குச் செலவிட்ட பணம் மட்டும் போனது போனதே.

பழுது காணும் முறை

இந்நிகழ்ச்சியிலிருந்து பொதுவான நெறியொன்றை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, குறிப்பு. எந்த நாள், எந்த நேரம், எந்தச் செருகுவாய், எந்தத் தொடரிலக்கப் பலகை, அன்று மழையா, மின்னலா, மின்தடையா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதுக. மூன்று பழுதுகளின் குறிப்பை ஒருங்கே நோக்கினால் முதற்பழுதில் தெரியாதது தெரியும்.

இரண்டாவது, சோதனை. மெம்டெஸ்ட்86+ என்னும் இலவச நிரல் இதற்கென்றே உள்ளது. பணிசெயல் முறைமை எழுமுன் அது தானே இயங்கி, நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் பலவகைக் கோலங்களை எழுதிப் படித்துப் பார்க்கும். ஒரு சுற்றோடு நிறுத்தற்க. இரவு முழுவதும் விடுக. அடிக்கடி வாராத பிழை அவசரக்காரருக்கு அகப்படாது.

மூன்றாவது, இடமாற்றம். இதுவே முறையின் உயிர்நாடி. பலகைகளை மாற்றிச் செருகுக. பிழை பலகையோடு சென்றால் குற்றம் பலகையில். பிழை செருகுவாயோடு நின்றால் குற்றம் செருகுவாயில், தாய்ப்பலகையில், அல்லது செயலியின் அடியில். இக்காலத்தில் நினைவகத்தை ஆளும் பகுதி செயலிக்குள்ளேயே அமைந்திருப்பதால், செயலியின் கீழுள்ள நுண்முனை ஒன்று வளைந்திருந்தாலும் ஒரு செருகுவாய் முழுவதும் ஊமையாகும். எல்லாப் பலகைகளும் எல்லாச் செருகுவாய்களிலும் அவ்வப்போது பிழைத்தால், மின்வழங்கியை ஐயுறுக. ஒரு முறையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், குணமானாலும் எதனாற் குணமாயிற்று என்று தெரியாது.

நான்காவது, தூய்மை. மின்னிணைப்பைக் கழற்றியபின், வெறும் உலோகத்தைத் தொட்டுக் கையிலுள்ள நிலைமின்னை இறக்கிவிட்டு, பலகையின் ஓரத்தைப் பிடித்து எடுக்க. பொன்முலாம் பூசிய முனைகளை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தல் போதும். பாடசாலை அழிறப்பரால் தேய்க்கும் பழக்கம் பரவலாய் உண்டு. மெல்லிய முலாம் அதனால் தேயும். றப்பர்த்துகள் செருகுவாயில் தங்கும். ஆதலால் தவிர்ப்பதே நன்று.

ஐந்தாவது, பொருத்தம். பலகைகளில் இனவேற்றுமை உண்டு. சேவையகங்களுக்கான சில பலகைகளில் இடைத்தாங்கிச் சில்லு ஒன்று இருக்கும். அத்தகையதையும் அது இல்லாததையும் ஒரே இயந்திரத்திற் கலத்தல் ஆகாது. வேகத்தைக் கூட்டுவதற்காகப் பயோஸ் அமைப்பில் நியமத்துக்கு மேற்பட்ட அளவுகளை வைத்திருந்தால், முதலில் அதனை நியம நிலைக்குக் கொண்டுவருக.

மலைநாட்டின் தனித் தொல்லைகள்

ஊவாவின் மேட்டுநிலத்துக்கெனச் சில இடர்கள் உள. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் ஈரமும் மூடுபனியும் அறைக்குள் வரும். குளிர்ந்து கிடக்கும் இயந்திரத்தின் மீது ஈரக்காற்றுப் பட்டால் நுண்துளிகள் படியும். ஆகவே, பெட்டியைச் சன்னலோரத்தும் நிலத்திலும் வையாது, உயரமான உலர்ந்த இடத்தில் வைக்க. நீண்டநாள் அணைந்திருந்ததாயின், அறை சற்று வெம்மையுற்றபின் இயக்குக. இதற்கு மாறாக, ஆனி ஆடி மாதங்களில் கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும். அப்போது நிலைமின்னுக்கு அஞ்சுதல் வேண்டும்.

பருவக்காற்றுக்கள் மாறும் பங்குனி, சித்திரை மாதங்களிலும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலும் நம் நாட்டில் இடிமின்னல் மிகுதி. மின்கம்பி வழி வரும் அதிர்ச்சி பலகையை உடனே கொல்லாமல் நலிவித்து விடுவதும் உண்டு. ஆகவே, யூ.பி.எஸ். கருவியோடு நல்ல புவித்தொடுப்பும் இன்றியமையாதது. தொழிற்சாலைக்கு அணித்தாயுள்ள கந்தோர்களில் தேயிலைத் தூசும் பஞ்சும் விசிறிகளை அடைத்து வெப்பத்தைக் கூட்டும். அவற்றைத் தவணைதோறும் துடைத்தல் நலம்.

தன்னைத் தானே திருத்தும் நினைவகம்

பிழை வந்தபின் ஆராய்வதினும், வரும்போதே பிடிப்பது மேலன்றோ? இதற்கான வழியை 1950ஆம் ஆண்டிலேயே றிச்சட் ஹமிங் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்டார். பெல் ஆய்வுகூடத்துக் கணிப்பொறியில் வார இறுதிகளிலேயே அவருக்கு இடங்கிடைத்தது. ஆளில்லாத வேளையில் பிழையொன்றைக் கண்டால் அப்பொறி அவர் கணக்கைக் கைவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடும். இரு வாரங்கள் தொடர்ந்து ஏமாந்த அவர், “பிழை உண்டென்று அறியத் தெரிந்த பொறிக்கு, அது எங்கே உள்ளதென்று அறிந்து திருத்தத் தெரியாதா?” என்று சிந்திக்கலானார்.

அவர் கண்ட வழியின் சாரத்தை வகுப்பறையிலே காட்டலாம். பதினாறு எண்களை நான்கு நிரை, நான்கு நிரலாக எழுதுக. ஒவ்வொரு நிரையின் கூட்டுத்தொகையையும் வலப்புறத்திலும், ஒவ்வொரு நிரலின் தொகையையும் கீழேயும் குறிக்க. பிறகு யாரேனும் ஓரெண்ணை மாற்றிவிட்டால், ஒரு நிரையும் ஒரு நிரலும் ஒவ்வாது நிற்கும். இரண்டும் வெட்டுமிடமே பிழையின் இடம். தொகையைக் கொண்டு சரியான எண்ணையும் மீட்கலாம். ஹமிங்கின் முறை இதனினும் சிக்கனமானது. அதன்வழி வந்த ஈ.சி.சி. எனப்படும் பிழைதிருத்து நினைவகத்தில், 64 தரவு பிட்டுக்களுக்கு 8 காவற் பிட்டுக்கள் துணை நிற்கின்றன. ஒரு பிட் பிசகினால் கணினி தானே திருத்திக்கொள்ளும். இரண்டு பிசகினால் திருத்த இயலாவிடினும் எச்சரிக்கும். எந்தச் செருகுவாயில் நேர்ந்தது என்பதையும் லினக்ஸ் போன்ற முறைமைகள் பதிவேட்டிற் குறித்து வைக்கும்.

டீ.டீ.ஆர். 4 வரையுள்ள சாதாரணப் பலகையொன்றில் எட்டுச் சில்லுகள் வரிசையாயிருக்குமாயின், அவ்வகை ஈ.சி.சி. பலகையில் ஒன்பது இருக்கும். கடையிலேயே எண்ணிப் பார்க்கலாம். புதிய டீ.டீ.ஆர். 5 பலகைகள் யாவற்றிலும் சில்லுக்குள்ளே ஒரு திருத்தம் நிகழ்கின்றது. ஆனால் சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியில், நாம் முற்கூறிய செருகுவாய் போன்ற இடத்தில், நேரும் பிழையை அது காவாது. ஆதலால் முழு ஈ.சி.சி.க்கு அது ஈடாகாது. தாய்ப்பலகையும் செயலியும் அதனை ஏற்கவல்லனவா என்றும் வாங்குமுன் வினவுதல் வேண்டும். விலை சற்று மிகுதியே. எனினும், பிறர் வாழ்வு தங்கியுள்ள ஏடுகளைத் தாங்கும் இயந்திரத்துக்கு அதனை வீண்செலவென்று கொள்ளலாகாது.

இறுதியாக, பிரதிகள். பிழைபட்ட நினைவகம் எடுக்கும் பிரதியும் பிழைபட்டதே; நேற்றைய பிரதியின் மேலே இன்றையதை எழுதிக்கொண்டே போனால், நல்ல பாடம் அழிந்து தீய பாடமே எஞ்சும். ஆகவே, வெவ்வேறு காலத்துப் பிரதிகள் மூன்றேனும் வைத்திருக்க. அவற்றுள் ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். ஒவ்வோர் ஏட்டுக்கும் சரிபார்ப்புத் தொகை கணித்து வைக்கும் வசதி இன்று எளிதிற் கிடைக்கின்றது, அதனைப் பயன்படுத்துக. ஆண்டுக்கொருமுறை இடாப்பை அச்சிட்டு, உரியவரைக் கொண்டே தம் பெயரையும் பிறந்த ஆண்டையும் வாசித்துப் பார்க்கச் செய்க. தன் பெயரிலுள்ள பிழையைக் காண்பதில் அப்பெயருக்கு உரியவரை வெல்லும் கருவி இன்னும் பிறக்கவில்லை.

ஏடு தேடிய பெரியோர் ஒரு பாடத்தை ஐயுற்றபோது, எழுதியவனை வைதுகொண்டிருக்கவில்லை. அடுத்த ஏட்டைத் தேடிச் சென்றனர். கணினிக் கந்தோர்களுக்கும் அதுவே ஏற்ற வழி. இடாப்பில் ஓரெழுத்துப் பிசகியிருக்கக் கண்டால், மேசையருகே இருப்பவரைக் குற்றஞ் சாட்டுமுன் பெட்டியையும் பிரதிகளையும் சோதிக்க. பலகையை மூன்றாம் முறை வாங்குமுன் செருகுவாயை நோக்குக. மாணவர்கள் இவ்விரண்டையும் மனத்திற் பதித்துக்கொண்டால், நாளை அவர்கள் பொறுப்பேற்கும் கந்தோர்களில் குற்றமற்ற ஒருவர் தலைகுனிந்து நிற்க நேராது.